வராத பேருந்துக்கு நன்றி சொன்ன பேச்சியக்கா

பேச்சியக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது, கடையில் ஒரு கல்யாண வீட்டாருக்குப் பட்டுச்சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அவருடைய மகள் பூங்கொடிதான் போனில் பேசினாள். "சித்தி, ஆத்தா போயிருச்சு. நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லுச்சு, அம்புட்டுத்தான்." விரித்த சேலையை மடிக்கத் தோன்றாமல் நின்றேன்.

தேனியில் இந்த ஜவுளிக்கடையில் நான் சேர்ந்த நாளிலிருந்தே அக்கா எனக்கு வேலையில் மூத்தவர். தேவாரத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் அவருடைய ஊர். காலையில் ஒரு பேருந்து அவரைக் கொண்டுவந்து சேர்க்கும். மாலையில் ஊர் வரைக்கும் போகிற பேருந்து கிடையாது. தேவாரத்தில் இறங்கித் தென்னந்தோப்பு வழியே இருட்டில் நடப்பார். "பாம்புக்கு என்னயத் தெரியும்த்தா. மனுசனத்தான் நம்ப முடியல" என்று சிரிப்பார்.

அந்த நடை தன்னோடு போகட்டும் என்று நினைத்தார். பூங்கொடி பன்னிரண்டாம் வகுப்பு தேறி, தேனியில் நர்சிங் படிக்க இடம் வாங்கியிருந்தாள். "சாயங்கால பஸ்ஸு விடட்டும், அனுப்புறேன்" என்று அவள் அப்பா சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் அரசாங்க அறிவிப்பு வந்தது. மாவட்டத்துக்குப் புதிய பேருந்துகள், மலையடிவார ஊர்களுக்குக் கூடுதல் சர்வீஸ். அக்காவின் ஊர்ப்பெயரும் அதில் இருந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. அறிவித்த மறுநாளே நன்றி சொல்லி பிளெக்ஸ் கட்டிவிடுவோம். அறிவித்தவரின் மனம் குளிர்ந்தால் காரியம் சீக்கிரம் நடக்குமாம். "எங்கள் ஊருக்குப் பேருந்து தந்த அரசுக்கு நன்றி" என்று ஊர் முக்கில் பெரிதாகக் கட்டினார்கள். கீழ் வரிசையில் அக்காவின் படமும் இருந்தது. "கல்யாணத்துலகூட நான் இம்புட்டு லச்சணமா இருந்ததில்ல" என்று கடையில் எல்லோருக்கும் காட்டினார்.

பிளெக்ஸ் வெயிலில் வெளுத்தது. பேருந்து வரவில்லை. லீவு போட்டுவிட்டு நானும் அக்காவும் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி தன் போனில் எதையோ தேடி எங்கள் முன் நீட்டினார். அதே பிளெக்ஸ்.

"நீங்களே நன்றி சொல்லிட்டீங்களேம்மா. இந்தப் போட்டோவை வச்சு, கோரிக்கை நிறைவேறிருச்சுன்னு மேலே அனுப்பியாச்சு. இனி அடுத்த திட்டத்துலதான் பார்க்கணும்."

அக்கா அந்தப் போனை அவர் பக்கமே தள்ளினார். "பாக்கு வெத்தல மாத்துன அன்னைக்கே பேரன் பொறந்துட்டான்னு எழுதிருவீகளா சார்?"

அறையே சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். சிரித்து முடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அடுத்த திட்டமும் வந்தது. தாழ்தளப் பேருந்து, மின்சாரப் பேருந்து என்று செய்தியில் நீளமாக வாசித்தார்கள். "வண்டி டிவிக்குள்ளயே நல்லா ஓடுது" என்றார் அக்கா. அதற்குள் பூங்கொடியின் படிப்பு போய்விட்டது. சின்னமனூரில் அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். முகூர்த்தச் சேலையை அக்கா எங்கள் கடையிலேயே எடுத்தார். எதையும் சரியாகப் பார்க்கவில்லை. "எதாச்சும் ஒண்ணு எடுத்துப் போடுத்தா. நர்சு உடுப்புல பாக்க நெனச்ச பிள்ள" என்றார். அக்கா கண்கலங்கி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

சாவுச் செய்தி கேட்ட கையோடு முதலாளியிடம் சொல்லிவிட்டு, கடைப்பெண்கள் நாலு பேர் கோடிச்சேலையும் மாலையுமாகக் கிளம்பினோம். தேவாரம் வரை நின்றுகொண்டே போனோம். அங்கிருந்து அந்த நேரத்துக்கு வண்டி இல்லை. அந்த மண்பாதைக்கு வரமாட்டேன் என்று ஆட்டோக்காரர் கையை விரித்தார். நடந்தோம். அக்கா தினமும் நடந்த பாதையில் அன்றுதான் முதன்முதலாகக் கால் வைத்தேன். அழுகையைவிட ஆத்திரம்தான் முந்திக்கொண்டு வந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வீட்டு வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள். தலை முழுகிய ஈரத்தோடு பூங்கொடி வெளியே வந்தாள்.

"எம்புட்டு நேரந்தான் வச்சிருக்குறதுன்னு எடுத்துட்டாக சித்தி. கடைப்பிள்ளைக வரட்டும், கடைப்பிள்ளைக வரட்டும்னு நான் கத்திக்கிட்டேதான் இருந்தேன்."

கோடிச்சேலை என் கையிலேயே இருந்தது.

அக்கா, உங்கள் முகத்தை ஒரு தடவை பார்க்கத்தான் வந்தோம். உங்கள் ஊருக்கு இன்னும் அந்த பஸ் வரவில்லை. போய் வாருங்கள்.