டாக்டர் படிப்புக்கு மனுப் போட்டேன்

டாக்டர் ஆவதற்கு முன்னால் மனுதாரர் என்று ஒரு தொழில் பார்க்க வேண்டும். அதில் சம்பளமும் கிடையாது, லீவும் கிடையாது. பி.யு.சி. முடித்து மெடிகல் காலேஜுக்கு மனுப் போட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். மற்றவர்கள் சிரித்துக்கொள்ளலாம். செஞ்சி பஜாரில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை மண்டி வைத்திருக்கும் என் நைனா ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்: இந்த ஒரு தடவைதான். சீட்டு கிடைக்காவிட்டால் மேல்சித்தாமூர் மாப்பிள்ளை.

சேட்டுப் பெண்

நாங்கள் தமிழ் ஜைனர்கள். செஞ்சியில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் சாதிச் சான்றிதழ் எழுதும் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா, திருநெல்வேலிப் பக்கமிருந்து மாற்றலாகி அந்த வாரம்தான் வந்திருந்தார். ‘ஜைன்’ என்று பார்த்ததும் பேனாவை மூடிவிட்டார். சேட்டு என்றால் வடநாட்டில் அல்லவா வாங்க வேண்டும் என்றார். எங்கள் பாட்டன் முப்பாட்டன் எல்லாம் இங்கேதான் ஏர் ஓட்டினார்கள் என்றார் நைனா. எனக்கு இந்தியில் ஓர் எழுத்துகூடத் தெரியாது என்றேன் நான். அதற்குப் பிறகுதான் பேனா திறந்தது.

“எழுதித் தாரேன். ஆனா தமிழ் பேசுத சேட்டை இப்பத்தாம்மா பாக்கேன்.”

உடம்புக்கு என்ன?

எனக்கு நோய் இல்லை என்று டாக்டர் எழுதித் தர வேண்டுமாம். ஆஸ்பத்திரியில் காய்ச்சல்காரர்களுக்கும் இருமல்காரர்களுக்கும் நடுவில் காலையெல்லாம் நின்றேன். டாக்டர், “என்ன செய்யுது?” என்றார். “ஒன்றும் செய்யவில்லை” என்றேன். “பிறகு ஏன் வந்தாய்?” என்றார். விஷயத்தைச் சொன்னதும் நாக்கைப் பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்தார். வெளியே வந்தால் கம்பவுண்டர் மறித்துக்கொண்டு மிக்சர் மருந்து ஊற்றப் பாட்டில் கேட்டார். இல்லை என்றேன்.

“பாட்டில் எடுத்தாரலியா? அப்புறம் இன்னாத்துக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தே?”

அமாவாசை

இன்டர்வியூவுக்கு முதல் நாள் அமாவாசை. எந்தப் பஸ்ஸில் ஏறினாலும் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிறது என்றார்கள். மெட்ராஸுக்குப் போகிறவர்கள் நானும் நைனாவும் மட்டும்தான் போலிருந்தது. டாக்டர் இன்டர்வியூ என்று ஒரு கண்டக்டரிடம் கெஞ்சிப் பார்த்தேன்.

“அம்மனப் பாத்துட்டு நாளன்னிக்குப் போயேம்மா. காலேஜ் எங்க ஓடிப்போவுது?”

தயிர் சோறு

ஜைன முறைப்படி பொழுது சாய்ந்தபின் எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. அடித்துப்பிடித்து மெட்ராஸ் போய்ச் சேர்ந்தால், மத்தியானம் கூப்பிடுகிறோம் என்றவர்கள் சாயங்காலம் வரை கூப்பிடவில்லை. நைனா சன்னல் வழியே சூரியனைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார். கடைசியில் பொட்டலத்தைப் பிரித்து ஒரு வாய் வைத்தேன். உடனே என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

உள்ளே மூன்று பேர். வாயில் என்ன என்று ஒருவர் கேட்டார். தயிர் சோறு என்றேன். காரணத்தையும் சொன்னேன். ராத்திரி டூட்டியில் என்ன செய்வாய் என்றார். முன்னாடியே சாப்பிட்டுவிட்டு வருவேன் என்றேன். எறும்பைக்கூட மிதிக்காத நீங்கள் தவளையை எப்படி அறுப்பீர்கள் என்றார் இன்னொருவர். “அறுத்தேன் சார். அழுகையும் வந்தது, மார்க்கும் வந்தது” என்றேன். மூன்றாமவர், “போய்ச் சாப்பிடும்மா” என்றார். அது பாஸா, பெயிலா? வெளியே வந்து நைனாவிடம் அப்படியே சொன்னேன். அவர் சன்னலைப் பார்த்தார். இருட்டியிருந்தது.

“அது ஒண்ணுதான் இப்ப முடியாது.”

வெயிட்டிங் லிஸ்ட்

என் பெயர் வெயிட்டிங் லிஸ்டில் இருப்பதாகத் தபால் வந்தது. கிடைத்துவிட்டதா, கிடைக்கவில்லையா என்று மண்டியில் கேட்டவர்களிடம் நைனா தபாலையே நீட்டினார். அதே வாரம் மேல்சித்தாமூரிலிருந்து பெண் பார்க்க வந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா காபியைக் குடித்துவிட்டுக் கையை நீட்டி, நாடி பார்க்கச் சொன்னார். எனக்குத் தெரியாது என்றேன். மெட்ராஸ்காரர்கள் முடிவு சொன்ன பிறகு தாங்களும் சொல்வதாக நைனாவிடம் சொன்னார். “அப்போ நீங்களும் வெயிட்டிங் லிஸ்டா?” என்று கேட்டுவிட்டேன். நைனா முறைத்தார். அந்த அம்மா முறைக்கவில்லை.

“நாங்க இல்லம்மா, நீதான்.”

ஆக, என்னைத் தேர்ந்தெடுக்க இப்போது மெட்ராஸில் ஒரு கமிட்டி, மேல்சித்தாமூரில் ஒரு கமிட்டி. நான் மனுப் போட்டது என்னவோ ஒன்றுக்குத்தான்.