இரண்டாவது கியர்

எனக்கு அந்த வண்டியைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னைப் பார்த்து உருகிப்போக வேண்டாம்.

அது ஒரு பழைய பெட்ரோல் பிக்கப். முன்னால் நீளமாக ஒரே சீட்டு, பின்னால் திறந்த தொட்டி. வால்பாறைப் பக்கம் ஏதோ ஒரு எஸ்டேட்டில் தேயிலை மூட்டை சுமந்து ஓய்ந்துபோய், ஷெட்டில் கோழி அடைந்துகொண்டிருந்ததை என் வீட்டுக்காரர் வாங்கிவந்தார். பம்புசெட் கம்பெனியில் வேலை பார்த்தவர் அவர். வாரம் முழுக்க இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு, லீவு நாளிலும் இரும்போடு மல்லுக்கட்ட ஆசைப்படுகிற மனுஷனை என்னவென்று சொல்வது? நான் பள்ளிக்கூடத்தில் புவியியல் டீச்சர். லீவு நாளில் நான் யாருக்காவது அட்சரேகை தீர்க்கரேகை நடத்தினேனா?

சூலூருக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. மோட்டார் ரூமை ஒட்டித் தகரம் போட்டு அந்த வண்டிக்கு ஒரு ஷெட் கட்டினார். என் இட்லிச் சட்டியில் கார்புரேட்டரை அழுக்குப் போக வேகவைத்தார். பழைய நைட்டியெல்லாம் கிரீஸ் துடைக்கப் போனது. எங்காவது கல்யாணத்துக்குக் கிளம்பினால், பட்டுவேட்டியோடு போய் ஒருமுறை பானெட்டைத் தூக்கிப் பார்க்காமல் வர மாட்டார். இத்தனை செய்தும் அந்த வண்டிக்கு ஒரு நோய் தீரவே இல்லை. இரண்டாவது கியர் போட்டால் நிற்காது. கொஞ்ச தூரம் போனதும் டக்கென்று தானாகக் கழன்றுவிடும். ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே ஓட்ட வேண்டும். அந்த ஒரு பல்சக்கரத்துக்காக அவர் உக்கடத்தில் ஏறாத பழைய இரும்புக் கடை கிடையாது.

போன ஆடியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. இடது கை, இடது கால். பேச்சுக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. அதில் எனக்குச் சந்தோஷமா வருத்தமா என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

அப்போது எங்களிடம் கார் இல்லை. இருந்ததைப் பையன் பெங்களூருக்குக் கொண்டுபோய்விட்டான். சிங்காநல்லூரில் இருக்கும் பயிற்சி நிலையத்துக்கு ஆட்டோவில்தான் போக வேண்டும். முதல் நாள் ஆட்டோக்காரரும் நானும் பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து அவரைத் தூக்கி உள்ளே வைத்தோம். வேட்டி ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். தெருவில் நான்கு பேர் நின்று உச்சுக்கொட்டினார்கள். ஆட்டோ நகர்ந்ததும் அவர் சொன்னார்.

"மூட்டையத் தூக்கிப் போடற மாதிரி போட்டுட்டீங்களே."

அதோடு சரி. அதற்குப் பிறகு அவர் கேட்டைத் தாண்டவில்லை. வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்த தம்பியையும் வேண்டாமென்று அனுப்பிவிட்டார். இப்படியே உட்கார்ந்திருந்தால் கால் மரத்துப்போய்விடும், பிறகு எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று, வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டர் என்னிடம் சொன்னார். அவரிடமும் சொன்னார். அவர் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அலுத்துவிட்டது. ஒளிக்க என்ன இருக்கிறது? எழுப்ப வேண்டும், குளிப்பாட்ட வேண்டும், மாத்திரை கொடுக்க வேண்டும், திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். ராத்திரி படுத்தால் என் தோள்பட்டை தனியாக ஒரு ஆள் மாதிரி பக்கத்தில் படுத்து முனகும். இதையெல்லாம்கூடச் செய்துவிடலாம். ஆனால் ஒரு மனுஷன் ஃபேனையே பார்த்துக்கொண்டிருப்பதை நாளெல்லாம் பார்ப்பது வேறு மாதிரி அசதி. இவரைக் கேட்டுக்கு வெளியே கொண்டுபோக வேண்டும் என்பதைத் தவிர எனக்கு அப்போது வேறு ஆசை எதுவும் இல்லை.

ஒருநாள் ரசம் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தபோது சொன்னார்.

"அந்த வண்டிய இரும்புக்குப் போட்டுரு புள்ள."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. என் இட்லிச் சட்டி போனது, என் நைட்டி போனது, என் ஞாயிற்றுக்கிழமைகள் மொத்தமும் போனது. இப்போது வந்து இரும்புக்குப் போடு என்றால்?

"ஏனுங்க, இத்தன வருசம் நான் அதோட குடும்பம் நடத்தியிருக்கிறேன். ஓடாத வண்டியை நான் யாருக்கும் குடுக்க மாட்டேன். ஓட வெச்சுப்போட்டு வேணும்னா குடுக்கலாம்."

"யாரு ஓட வெப்பா?"

"நீங்க வாய வெச்சிருக்கீங்க. நான் கைய வெச்சிருக்கிறேன். போதாதா?"

மறுநாள் அவருடைய சக்கர நாற்காலியை ஷெட்டுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். வேண்டாம் வேண்டாம் என்று வழியெல்லாம் திட்டினார். திட்டட்டும், ஃபேனைப் பார்ப்பதற்கு இது தேவலை.

முன்பக்க இடது சக்கரத்தில் பிரேக் ஆயில் ஒழுகித் தரையெல்லாம் கறையாகியிருந்தது. சக்கரத்தைக் கழற்ற வேண்டும் என்றார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஸ்பானரை நட்டில் மாட்டினேன். அசையவில்லை. ஸ்பானரின் மேல் ஏறி நின்றேன். அசையவில்லை. ஜாக் கம்பியைச் சொருகி, அதன்மேல் ஏறிக் குதித்தேன். முக்கினேன், வியர்த்தேன், அந்த எஸ்டேட்டுக்காரரின் பரம்பரையையே திட்டினேன். திரும்பிப் பார்த்தால் நாற்காலியில் இவர் குலுங்கிக்கொண்டிருக்கிறார். என்னவோ ஏதோ என்று பதறி ஓடினேன். சிரித்துக்கொண்டிருந்தார். வாயின் ஒரு பக்கம் மட்டும் ஏறி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். ஆடிக்குப் பிறகு அன்றுதான் அவர் சிரித்து நான் பார்த்தேன்.

"இந்த வண்டிக்கு இடது பக்கம் மரை தலகீழ் புள்ள. அந்தக் காலத்து வண்டிங்க அப்படித்தான். நீ இத்தன நேரம் கழட்டல, முறுக்கியிருக்கிற."

"முதல்லயே சொல்றதுக்கென்னங்க?"

"நீ குதிக்கறது பாக்க நல்லா இருந்துச்சு."

ஸ்பானரை அவர்மேலேயே எறியலாமா என்று இருந்தது. எறியவில்லை. நானே முறுக்கிய நட்டுகளை நானே கழற்றப் பொழுது உச்சிக்கு வந்துவிட்டது. "இந்த வண்டிக்கும் எனக்கும் இடது பக்கந்தான் தகராறு" என்றார் நடுவில். சும்மா சொல்வதுபோலத்தான் சொன்னார். நான் குனிந்து நட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நிமிர்ந்தால் அழுதுவிடுவேன் என்று தோன்றியது.

சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் சிலிண்டரின் ரப்பர் தேய்ந்திருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு டவுன்பஸ் ஏறி உக்கடம் போனேன். இவர் வழக்கமாக வாங்கும் பழைய உதிரிபாகக் கடை பாய், என்னைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"அண்ணன் வரலீங்களாக்கா?"

"கொஞ்சம் வேலையா இருக்காருங்க பாய்."

ஏன் அப்படிச் சொன்னேனோ, வாய் அப்படித்தான் சொன்னது. ரப்பரைத் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டு, "அந்த ரெண்டாவது கியர் மட்டும் இன்னும் சிக்கலன்னு அண்ணன்கிட்டச் சொல்லுங்கக்கா, கெடைச்சா நானே ஃபோன் பண்றேன்" என்றார். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது இவர், "இனி அது எதுக்கு" என்றார். ஆனால் ரப்பரை வாங்கி வலது கையால் அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

ரப்பர் மாற்றினோம். கெட்டுப்போன பெட்ரோலை இறக்கினோம். பேட்டரியைச் சார்ஜுக்குக் கொடுத்து வாங்கினோம். செய்தோம் என்று பன்மையில் சொல்வது மரியாதைக்கு. கை என்னுடையது, அதிகாரம் அவருடையது. "அது இல்ல, அதுக்குப் பக்கத்தது" என்று ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். கார்புரேட்டரை வேகவைக்க அதே இட்லிச் சட்டியை நானே எடுத்துவந்தேன்.

கடைசியாகப் பிரேக்கில் காற்று எடுக்க வேண்டும். குழாய்க்குள் காற்று நின்றால் பிரேக் பிடிக்காது. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். மற்றவர் கீழே குனிந்து சக்கரத்தில் இருக்கும் சின்ன நட்டைத் திறந்து மூட வேண்டும். தனி ஆளால் ஆகாத வேலை.

"யாரையாச்சும் கூப்புடு" என்றார்.

"யாரைங்க கூப்பிடறது? அன்னைக்கு உச்சுக்கொட்டுன நாலு பேரையா?"

அவர் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க வலது கால் நல்லாத்தானே இருக்குதுங்க" என்றேன்.

நாற்காலியை டிரைவர் கதவுக்குப் பக்கத்தில் தள்ளினேன். எழுந்து நின்றார். வலது கைக்கு ஸ்டீரிங் எட்டியது. அதைப் பிடித்துக்கொண்டு வலது காலை உள்ளே வைத்து ஒரு இழு இழுத்தார். பின்னாலிருந்து நான் தோளைக் கொடுத்தேன். யாரும் அவரைத் தூக்கவில்லை. சீட்டில் உட்கார்ந்ததும் மூச்சு வாங்கியது, நெற்றியெல்லாம் வியர்வை. மடங்கிக்கிடந்த இடது காலை வலது கையாலேயே எடுத்துச் சரியாக வைத்தார். நான் சக்கரத்தின் பக்கம் குந்தினேன்.

"மிதிங்க."

"மிதிச்சாச்சு."

"புடிச்சுக்குங்க. ம், இப்ப உடுங்க."

நான்கு சக்கரத்துக்கும் சுற்றிச் சுற்றி வந்தேன். அன்றைக்கு அதிகாரம் என்னுடையது. முடிந்ததும் சாவியைத் திருப்பினார். வண்டி இருமியது, கமறியது, கறுப்பாகப் புகையைக் கக்கியது, பிறகு ஓடத் தொடங்கியது. அந்தச் சத்தத்தை நான் எத்தனை ஞாயிற்றுக்கிழமை திட்டியிருப்பேன்! அன்றைக்குக் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

"தள்ளி உக்காருங்க" என்றேன்.

"என்னது?"

"ஓடுதான்னு பாக்க வேண்டாங்களா? தள்ளுங்க."

கியர் கம்பியைத் தாண்டி இடது காலைத் தூக்கி வைத்து, அந்த நீளச் சீட்டில் அங்குலம் அங்குலமாக நகர்ந்து இடது ஓரத்துக்குப் போனார். நான் ஏறினேன். கார் ஓட்டிப் பழக்கம்தான் எனக்கு. ஆனால் இந்த ஸ்டீரிங்கை வளைக்க ஆட்டுக்கல்லைச் சுற்றுகிற பலம் வேண்டும். கேட்டைத் தாண்டினோம். நான் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பக்கம் பார்த்தால் திரும்பு என்பாரோ என்று பயம்.

தெருமுனை வேகத்தடையில் ஏறி வளைக்கும்போது இரண்டாவது கியர் டக்கென்று கழன்றது. என்ஜின் அலறியது. எனக்கு இரண்டு கையும் ஸ்டீரிங்குக்கே போதவில்லை. எதிரில் ஒரு டவுன்பஸ் வேறு வந்துகொண்டிருந்தது.

"கிளச்ச மிதி" என்றார். மிதித்தேன். அவருடைய வலது கை வந்து கம்பியைப் பிடித்து இரண்டாவதில் தள்ளியது. "இப்ப உடு. நீ ஸ்டீரிங்கப் பாரு. கியர நான் புடிச்சுக்கறேன்."

பிடித்துக்கொண்டார். மெயின் ரோடு பேக்கரி வரைக்கும் அந்தக் கையை எடுக்கவே இல்லை. கம்பி அதிர்ந்தது, கையும் சேர்ந்து அதிர்ந்தது. பேக்கரிக்காரர் வண்டியைப் பார்த்துவிட்டு, இரண்டு டீயும் தேங்காய் பன்னும் ஜன்னலுக்கே கொண்டுவந்து கொடுத்தார். உயரமான சீட்டில் இருந்து கீழே பார்த்து, "என்னப்பா, வியாபாரமெல்லாம் எப்படி?" என்று இவர் கேட்டார். ஏதோ நேற்றுத்தான் வந்துவிட்டுப் போனவர் மாதிரி.

இப்போது வாரத்துக்கு இரண்டு முறை சிங்காநல்லூர் போகிறோம். அவர் டிரைவர் பக்கம் ஏறி, நகர்ந்து, உட்கார்ந்து, இரண்டாவது கியரைப் பிடித்துக்கொள்கிறார்; அந்தக் கையை நம்பித்தான் நான் ஓட்டுகிறேன். கால் பெரிதாக முன்னேறிவிடவில்லை. பயிற்சி நிலையத்துக் கம்பியைப் பிடித்துப் பத்தடி நடக்கிறார். அதற்கே வரும் வழியெல்லாம் பெருமை. வீட்டுக்கு வந்ததும் பானெட்டைத் தூக்கு, ஆயிலைப் பார் என்று என் உயிரை வாங்குகிறார். என் தோள்பட்டை வலி அப்படியேதான் இருக்கிறது. வண்டி இரும்புக்குப் போகவில்லை. போகாது போலிருக்கிறது.

போன வாரம் உக்கடம் பாயிடமிருந்து ஃபோன் வந்தது. "அக்கா, அண்ணன் தேடுன ரெண்டாவது கியர் சிக்கிருச்சுங்க. தாராபுரத்துல ஒரு பழைய வண்டிய உடைச்சாங்க. ஒரு பல்லுகூடத் தேயல."

காய்கறி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு நானே பஸ் ஏறிப் போய் வாங்கிவந்தேன். நல்ல கனம். அரிசி டிரம்முக்குப் பின்னால், அந்த இட்லிச் சட்டிக்குள் வைத்து மூடியிருக்கிறேன். அவரிடம் சொல்லவில்லை.