கதிரையில் விட்டுப்போன சிறப்புப் பிரதி

முள்ளியவளையில் பாதிப் பிள்ளைகளின் பாடசாலைச் சீருடையைத் தைப்பவர் ஜெகதீஸ்வரி அக்கா. அவரது அலுமாரியில் துணிகளுக்குக் கீழே முப்பத்தொரு புத்தகங்கள் இருக்கின்றன. எல்லாம் பெண்கள் எழுதியவை. எல்லாவற்றிலும் எழுதியவரின் கையெழுத்து உண்டு. வீடு தேடிப்போய் வாங்கியவை. நான் உயர்தரம் வரை படித்தவள். அந்த முப்பத்தொரு பேரில் ஒருவரைப் பற்றிக்கூட எந்த வகுப்பிலும் எனக்கு யாரும் சொல்லவில்லை.

போன மாதம் எங்கள் ஊர் மண்டபத்தில் ஸ்கந்தபுரம் கௌசலாவின் சிறுகதை நூல் வெளியீடு நடந்தது. மேடையில் ஒன்பது கதிரைகள். எட்டில் ஆண்கள். ஓய்வுபெற்ற அதிகாரி நல்லதம்பி ஐயா நாற்பது நிமிடம் பேசினார். பிரமுகர்களைப் பெயர் சொல்லி அழைத்துச் சிறப்புப் பிரதி கொடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் அவரவர் பெயரை எழுதி, கௌசலா முன்கூட்டியே கையெழுத்திட்டிருந்தார். எழுதியவர் பேச எழும்பியபோது, நேரமில்லை என்று துண்டுச் சீட்டு வந்தது. அவருக்குக் கிடைத்தது மூன்று நிமிடம்! முடிந்ததும் வாகனம் காத்திருக்கிறது என்று அவரை அழைத்துப் போய்விட்டார்கள். அக்கா தான் வாங்கிய புத்தகத்தோடு, கையெழுத்துக் கிடைக்காமல் அப்படியே நின்றார்.

நல்லதம்பி ஐயாவின் பிரதி அவருடைய கதிரையிலேயே கிடந்தது. அட்டையில் தேநீர்க் கோப்பையின் வட்டம். கையெழுத்துள்ள பிரதிதான், ஆனால் அக்காவுக்கல்ல, ஐயாவின் பெயருக்கு எழுதியது. மறுநாள் காலை அக்கா அதை அவர் வீட்டுக்குக் கொண்டுபோனார். நானும் கூடப் போனேன்.

“ஐயா, இதை விட்டிட்டு வந்திட்டியள்.”

“அதோ? நீங்களே வச்சிருங்கோ தங்கச்சி. வாசிக்க எனக்கெங்க நேரம்?”

“நேற்று நாப்பது நிமிசம் இதைப் பற்றித்தானே கதைச்சனீங்கள்?”

உள்ளேயிருந்து அவர் மனைவி சிரித்தார். “அவர் அட்டையைப் பாத்தே ஒரு மணித்தியாலம் கதைப்பார், பிள்ளை!”

“அப்ப, வாசிக்காமல் எனக்குத் தந்தது எண்டு இதில எழுதிக் கையெழுத்து வையுங்கோ. உங்கட பேரில இருக்கிறதை நான் சும்மா எடுக்கேலாது.”

“என்ன, பகிடியோ? கொண்டாங்கோ இஞ்சால!” புத்தகத்தைப் பறித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு நாங்கள் பஸ் மாறி ஸ்கந்தபுரம் போனோம். கௌசலா முற்றத்தில் நெல் காயவிட்டுக்கொண்டிருந்தார்.

“ஒரு கையெழுத்துக்கோ இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?”

“சண்டை பிடிக்கவும்தான். நாலாவது கதையில கிணறு வெட்டுற அந்தப் பொம்பிளை ஏன் ஊரை விட்டுப் போறா? எனக்கு அது பிடிக்கேல்லை.”

கௌசலா வாய்விட்டுச் சிரித்தார். கையைத் துடைத்துவிட்டு, அக்காவின் பெயரைக் கேட்டு எழுதிக் கையெழுத்திட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “நல்லதம்பி ஐயா வாசிச்சவராமோ?”

“தொடங்கிட்டார்,” என்றார் அக்கா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பஸ் ஏறியதும் கேட்டேன்: “ஏனக்கா பொய் சொன்னனீங்கள்? அவர்ர மரியாதையை நாங்கள் ஏன் காப்பாத்த வேணும்?”

“அவர்ர மரியாதை ஆருக்கு வேணும்? கேக்கேக்க கௌசலாவின்ர முகத்தைப் பாத்தனியே?” அக்கா புத்தகத்தை மடியில் இறுக்கிப் பிடித்தார். “நாளைக்கு அவர் வீட்டை போறன். முதல் கதையை எனக்கு முன்னால இருந்து வாசிக்கட்டும். அதுக்குப் பிறகு அது பொய்யில்லை.”