மணியின் கழுத்துக் கட்டை

பேத்தியின் நாய் பந்தைக் கவ்விக்கொண்டு கூடமெல்லாம் ஓடுகிறது. "போடு, போடு" என்று அவள் தொண்டை வறளக் கத்துகிறாள். அதற்கு வாரம் ஒருமுறை வாத்தியார் வேறு வருகிறார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மணி ஞாபகம் வந்துவிட்டது.

எண்பதுகளில், கடத்தூர்ப் பக்கம் எங்கள் வீட்டில் நான் வளர்த்த நாய் அவன். நல்லவன்தான், கோழியைக் கண்டால் மட்டும் புத்தி கெட்டுவிடும். பட்டினி போட்டேன். அவன் கொன்ற கோழியையே அவன் கழுத்தில் கட்டினேன், அதையும் தின்றுவிட்டான்.

"டேய், அறிவிருக்குதாடா உனக்கு?" என்று கத்தினால் வாலை ஆட்டுவான்.

"இன்னொரு கோழி போச்சுன்னா ஒகேனக்கல் ஆத்தோரம் வுட்டுட்டு வந்துருவேன்," என்றாள் அம்மா. சொன்னால் செய்கிறவள்.

அப்பா, அடங்காத மாட்டுக்குக் கட்டுவதுபோல அவன் கழுத்தில் ஒரு கட்டையைத் தொங்கவிட்டார். ஓடினால் முட்டியில் இடிக்கும். இரண்டு நாள் ஒழுங்காக இருந்தான். மூன்றாம் நாள், கட்டையை வாயில் கவ்விக்கொண்டு அம்மாவின் அடைக்கோழியைத் துரத்துகிறான்!

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மா விளக்குமாற்றோடு ஓடினாள். கோழி வேலி மூலையில் மாட்டிக்கொண்டது. மணியோ எதிரே நின்று விழிக்கிறான். கடிக்க வாய் வேண்டும். கட்டையைப் போட்டால் முட்டியில் இடிக்கும். கோழி அவன் மூக்கில் நறுக்கென்று கொத்திவிட்டு நடந்து போனது.

அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏங்க, அந்தக் கட்டைய மட்டும் அவுத்துறாதீங்க. சனியன் வூட்டுலயே கெடக்கட்டும்."