டேங்க் மூடிக்கு ஒரு பூட்டு

ஜெயராஜ் அண்ணனிடமிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வரும். "டீ சாப்டியாண்ணா?" என்று கேட்டால் தலையாட்டுவார். அது ஆமாவா இல்லையா என்பதை நாம்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். ஏழு வருஷமாக என் பிக்கப் வண்டியை ஓட்டுகிறார். இந்த ஏழு வருஷத்தில் அவர் பேசியதையெல்லாம் சேர்த்தாலும் நான் காலையில் நண்டு வாங்கும்போது பேசுகிற பேச்சுக்குக் காணாது.

என் பெயர் செங்கம்மாள். பழவேற்காட்டு ஏரிக்கரையில் நண்டும் இறாலும் மீனும் வாங்கி, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் மூன்று கம்பெனி கேன்டீன்களுக்குப் போடுகிறேன். வீட்டுக்காரர் பூவராகவன் ஏரியில் வலை போடுகிறவர். வண்டியில் ஹாரன் எங்கே இருக்கிறது என்பதைத் தவிர அவருக்கு வேறு எதுவும் தெரியாது. ஆகவே வண்டியின் எல்லாப் பாடும் என் பாடுதான்.

ஜெயராஜ் அண்ணனுக்குக் கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர்கள். அந்த வயல் கம்பெனியானது. அதே இடத்தில் இரும்பு உருக்குகிற வேலையில் பதினெட்டு வருஷம் ஒப்பந்தக் கூலியாக நின்றார் இவர். சத்தத்தில் ஒரு காது மந்தமானதுதான் மிச்சம். நாற்பத்தேழு வயதில் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எப்போதோ எடுத்து வைத்திருந்த லைசென்ஸைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். இப்போது ஐம்பத்து நான்கு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடினால் ரோடு வரைக்கும் கேட்கும் என்று அவர் மனைவி ஞானம்மா சத்தியம் செய்கிறாள். நான் நம்பவில்லை.

வண்டி நான் வாங்கும்போதே பழசு. ஆனாலும் லிட்டருக்குப் பதின்மூன்று கிலோமீட்டர் சொன்ன பேச்சு கேட்டு ஓடிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை காலையில் டேங்கை நிரப்புவோம். அடுத்த திங்களில் மறுபடி நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடிக்கிறதோ அதை வைத்து நான் மைலேஜ் பார்ப்பேன். போன ஐப்பசி மழைக்குப் பிறகு அது பதினொன்று ஆனது. பிறகு பத்து, அதற்கும் பிறகு ஒன்பது. வாரத்துக்கு நானூற்றைம்பது கிலோமீட்டர் ஓடுகிற வண்டி இப்படிக் குடித்தால் நான் நண்டு விற்பது பங்க்காரருக்குச் சம்பாதித்துக் கொடுக்கத்தானா?

வைத்தியம் தொடங்கியது. காற்று ஃபில்டரை மாற்றினேன். டீசல் ஃபில்டரை மாற்றினேன். பங்க்கையே மாற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். பொன்னேரியில் ஒர்க் ஷாப் வைத்திருக்கும் எபினேசரிடம் விட்டு இன்ஜினைப் பிரித்துப் பார்க்கச் சொன்னேன். அவர் எட்டாயிரத்துக்கு பில் போட்டு, "இன்ஜின் இப்ப பூ மாதிரி கீதுக்கா" என்றார். பூ அடுத்த வாரமும் ஒன்பதுதான் கொடுத்தது. ஐஸ் போடுகிறவன் முதல் இறால் உரிக்கிற பெண்கள் வரை ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். டயரில் காற்று ஏற்று என்று ஒருத்தர், இறக்கு என்று ஒருத்தர். அமாவாசைக்கு எலுமிச்சம்பழம் பத்தவில்லை, பூசணிக்காய் சுற்று என்றார் பூவராகவன். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பூசணிக்காயை எங்கே உடைத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

அந்த ஆத்திரத்தில்தான் ஒருநாள் ஜெயராஜ் அண்ணன் முன்னால் கத்தினேன்.

"இதோ பாருண்ணா, இதுக்கும் கீழ எறங்குச்சுன்னா எனக்குக் கட்டுப்படி ஆகாது. வண்டியை வித்துட்டு ஷேர் ஆட்டோல கூடையை ஏத்திக்கினு போயிடுவேன். சொல்லிட்டேன்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "பின்னாடி வீலு கொஞ்சம் புடிக்கிற மாதிரி..."

"இன்ஜினுக்கே எட்டாயிரம் அழுதாச்சு. இப்ப வீலா? அப்பால ஸ்டீரிங்கா? என்னை வித்துத்தான் உனக்கு ரிப்பேர் பண்ணணும்!"

அவர் வாயை மூடிக்கொண்டார். நான் வேலையைப் பார்க்கப் போனேன்.

அதற்குப் பிறகு ஏழு வாரம் ஒன்பது அசையாமல் நின்றது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. சனியன் இதோடு நின்றதே என்று இருந்தபோதுதான் மீஞ்சூரிலிருந்து என் தம்பி அன்புசெல்வன் வந்தான். அவனுக்குச் சொந்த வண்டி கிடையாது, வண்டியைப் பற்றித் தெரியாததும் கிடையாது.

"யக்கா, நீ இன்னா இவ்ளோ அப்பாவியா கீறே? டிரைவரு டீசல் உறிஞ்சுறாரு. ஒரு டியூபு, ஒரு கேனு, முடிஞ்சுது மேட்டரு. பேசாத ஆளை நம்பவே கூடாது."

"வாயைக் கழுவுடா" என்றேன். ஆனால் அவன் போன பிறகு அந்த வார்த்தை போகவில்லை. சோறு உண்ணும்போதும் வந்தது, கணக்குப் போடும்போதும் வந்தது. எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன், மாற்றாதது டிரைவரைத்தானே? மறுநாள் பொன்னேரிக் கடைவீதியில் டேங்குக்குப் பூட்டு வைத்த மூடி ஒன்று வாங்கினேன். பழைய மூடியைக் காயலான் கடையில் தூக்கிப் போட்டேன். புது மூடியை நானே திருகிப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

ஜெயராஜ் அண்ணன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மூடியைப் பார்த்தார், என் முந்தானையைப் பார்த்தார். முகம் கறுத்துப்போயிற்று. எனக்கும் என்னவோ போல இருந்தது.

"இன்னாண்ணா பாக்கறே? ஊர்ல திருட்டு ஜாஸ்தியாப் போச்சு, அதான்" என்றேன்.

அவர் வண்டியில் ஏறி ஸ்டார்ட் செய்தார்.

அடுத்த திங்கட்கிழமை பங்க்கில் நான் சாவியோடு நின்று நிரப்பினேன். வாராவாரம் ஐம்பது லிட்டர் பிடித்த டேங்கில் இந்த வாரம் ஐம்பத்தாறு லிட்டர் உள்ளே போனது. எட்டு! லிட்டருக்கு எட்டு! பூட்டுப் போட்டால் ஏற வேண்டியது குறைகிறது என்றால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது? தம்பிக்குப் போன் செய்தேன். "சாவிக்கு டூப்ளிகேட் போட்டிருப்பாரு" என்றான். போனைத் தூக்கி ஏரியில் வீசாமல் இருந்தது நான் அந்த மாதம் செய்த ஒரே நல்ல காரியம்.

இனி யாரையும் நம்பப் போவதில்லை என்று மறுநாள் நானே வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். போக வர எழுபத்தைந்து கிலோமீட்டர். வழியில் வண்டி எங்கேயும் நிற்கவில்லை. யாரும் டியூபும் கேனும் கொண்டு வரவில்லை. ஜெயராஜ் அண்ணன் ரோட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்டினார். நான் அவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெயிலைவிட அந்த மௌனம்தான் என்னை வேக வைத்தது.

கரைக்குத் திரும்பியதும் இறங்கி நேராக வாளியைத் தூக்கினேன். வண்டி கழுவுவது எப்போதும் என் வேலை. போன வருஷம் கேன்டீன் மேனேஜர், வண்டி கேட்டுக்குள் நுழையும்போதே நாறுகிறது என்று மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னார். அன்றிலிருந்து தினமும் பத்து வாளி தண்ணீர் என் கையால் ஊற்றிக் கழுவுகிறேன். மீன் தண்ணீர் வழிந்து தேங்குவது பின் சக்கரத்துப் பக்கம்தான் என்பதால் அங்கே மட்டும் நாலு வாளி. எங்கள் ஊரில் நல்ல தண்ணீர் குடத்துக்கு இவ்வளவு என்று காசு. ஏரித் தண்ணீர் காலடியில் கிடக்கிறது. வழக்கமாகச் சாப்பிட்டு, கொஞ்சம் படுத்து எழுந்து கழுவுவேன். அன்று இருந்த எரிச்சலில் வந்த சூட்டோடு கழுவினேன்.

பின் சக்கரத்தில் முதல் வாளியை ஊற்றினேன். சுர்ரென்று சத்தம். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தது போல ஆவி எழுந்தது. அந்தப் பக்கம் ஓடிப்போய் ஊற்றினேன். அங்கேயும் சுர். முன் சக்கரங்களில் ஊற்றினேன். சத்தமே இல்லை.

ஜெயராஜ் அண்ணன் மெதுவாக வந்து, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டு, "தள்ளுங்க" என்றார். இரண்டு பேரும் தோள் கொடுத்துத் தள்ளினோம். சமதரையில் காலி வண்டி ஒரு அடி நகரவில்லை.

எபினேசர் சக்கரத்தைக் கழற்றி உள்ளே பார்த்தார். பிரேக் டிரம் முழுக்கத் துரு. ஹேண்ட் பிரேக் கேபிள் துருப்பிடித்து, இழுத்தால் இழுத்தபடியே நிற்கிறது. லிவரை இறக்கினாலும் பிடி விடவில்லை. பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இத்தனை மாதமாகக் கும்மிடிப்பூண்டிக்குப் போய் வந்திருக்கிறோம்.

"எந்தப் புண்ணியவான் இதுல உப்புத் தண்ணி ஊத்துனது?" என்றார் எபினேசர்.

நான் மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்தேன். ஜெயராஜ் அண்ணன் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. ஆனால் எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. நான் கழுவ ஆரம்பித்த முதல் வாரமே அவர் சொன்னார்: "ஏரித் தண்ணி வேணாம்மா, உப்பு." நான்தான் சீறினேன். "இந்தத் தண்ணியிலதான்யா மூணு தலைமுறையா எங்க பொழப்பே ஓடுது. உன் வண்டிக்கு ஆகாதா?" என்றேன். இந்த மனுஷன் பேசுவதே இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேனே, பேசினபோதெல்லாம் வாயை அடைத்தது யார்?

கேபிளையும் பிரேக் ஷூவையும் மாற்றினோம். அடுத்த திங்கள் பதின்மூன்று. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பங்க்கில் டீசல் அடிக்கும் திலகவதியிடம் வாய் ஓயாமல் பெருமை பேசினேன். அவள் பைப்பை மாட்டிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள்.

"அதான் ஜெயராஜண்ணே இப்பல்லாம் வியாழக்கெழமை வர்றதில்லையா?"

"வியாழக்கெழமையா? எதுக்கு?"

"முன்ன வாராவாரம் வருமேக்கா. ஆறு லிட்டர் போட்டுக்கும். சொந்தக் காசு குடுக்கும். பில்லு வேணாம்னு சொல்லிடும்."

முந்தானையில் சாவி கனத்தது. ஏழு வாரம் அசையாமல் நின்ற ஒன்பது, பூட்டுப் போட்டதும் எட்டான கணக்கு, எல்லாம் அப்போது புரிந்தது. திருடுகிறார் என்று நான் பூட்டினேன். அவர் தன் கூலிக் காசைப் போட்டு என் டேங்கை நிரப்பிக்கொண்டிருந்தார். அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. வழக்கம் போலக் கோபம்தான் முந்திக்கொண்டது. டிரைவர் சீட்டுப் பக்கம் போய்க் கத்தினேன்.

"ஏண்ணா, உனக்கு அறிவு கீதா? வாயில இன்னா கொழுக்கட்டையா வச்சிருந்தே? உன் காசைப் போட்டு ஊத்துனியே, ஒரு வார்த்தை சொல்றதுக்கு இன்னா?"

ஸ்டீரிங்கைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். "ஒன்பதுக்குக் கீழ போனா வண்டியை வித்துருவேன்னு சொன்னீங்களேம்மா. இந்த வயசுல என்னை எந்தக் கம்பெனிக்காரன் எடுப்பான்?"

அவர் போட்ட நாற்பத்திரண்டு லிட்டருக்கும் காசை எண்ணிக் கொடுத்தேன். மறுக்காமல் வாங்கி சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். முந்தானையை அவிழ்த்து டேங்க் சாவியையும் நீட்டினேன்.

"இது உன் கிட்டயே இருக்கட்டும்ண்ணா. நான் பண்ணது தப்புதான்."

அவர் சாவியைத் தொடவில்லை. "நீங்களே வச்சுக்கங்கம்மா. நாளைக்கு மறுபடி மைலேஜ் கொறைஞ்சா என் மேல சந்தேகம் வராதில்ல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தீர்த்திருப்பேன்.

இப்போது நல்ல தண்ணீர் காசு கொடுத்து வாங்கித்தான் வண்டி கழுவுகிறேன். சாவியை எத்தனையோ தடவை வண்டிக்குள்ளேயே மாட்டி வைத்துப் பார்த்துவிட்டேன். மத்தியானம் சாப்பிட உட்காரும்போது அது என் வீட்டு வாசல்படியில் இருக்கும். திங்கட்கிழமை காலையில் பங்க்கில் வண்டியை நிறுத்திவிட்டு, "சாவிம்மா" என்கிறார். நான் இறங்கிப் போய், திலகவதி பார்த்துக்கொண்டிருக்க, மூடியைத் திறந்துவிடுகிறேன்.