ஹோ என்றால் நில்

என் மகளின் பையன்கள் இருவரும் கொழும்பில் ஒரே அலுவலகத்தில் கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதுகிறார்கள். தீபாவளிக்குக் கேகாலையிலுள்ள என் வீட்டுக்கு வந்தவர்கள், வந்த மறுநாளே ஒருவரோடொருவர் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். சொத்தும் காரணமில்லை, பெண்ணும் காரணமில்லை. அலுவலகத்தில் பழைய நிரல் ஒன்றைப் புதிதாக எழுதப் போகிறார்களாம். அதை எந்தக் கம்ப்யூட்டர் மொழியில் எழுதுவது என்பதுதான் சண்டை. பெரியவனுக்கு ஜாவா, சின்னவனுக்குப் பைத்தன்.

"ஜாவா தப்ப ஓட விடாது தாத்தா. எழுதுறப்பவே கத்திரும்" என்றான் பெரியவன்.

"கத்திக்கிட்டேதான் இருக்கும். அதுல எழுதி முடிக்கிறதுக்குள்ள எனக்குக் கல்யாண வயசு போயிரும்" என்றான் சின்னவன்.

தனித்தனியே விசாரித்தேன். பெரியவன் முன்பு வேலை செய்த இடத்தில், யாரோ விட்ட சிறு பிழை கண்ணில் படாமல் ஓடிக்கொண்டே இருந்து, ஒருநாள் எல்லாவற்றையும் கவிழ்த்ததாம். பழி இவன் தலையில் விழுந்தது. சின்னவனின் கதை வேறு. நிரலை எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். அவர் எழுதியது வேறு யாருக்கும் புரியவில்லை. எல்லோரும் அதைச் சுற்றி நின்று கையைப் பிசைந்தார்களாம். ஆளுக்கொரு பயம். அந்தப் பயத்துக்குத்தான் மொழி என்று பெயர் வைத்துச் சண்டை போடுகிறார்கள்.

அதுவரை எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. ராத்திரிச் சாப்பாட்டின்போது சின்னவன் என்னிடம், "தாத்தா, அண்ணன சாப்பிட வரச் சொல்லுங்க" என்றான். அண்ணன் கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தான்.

நான் தட்டைத் தள்ளி வைத்தேன். அதே மாதிரி ஒரு வாக்கியத்தை நான் சிறுவயதில் வருடக்கணக்காகச் சுமந்திருக்கிறேன். அது ஏன் என் தலையில் ஏறியது என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

என் அப்பா யானைப் பாகன். ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் பிறந்த எங்கள் ஆட்களில் அந்த வேலை பார்த்தவர் அவர் ஒருவர்தான். ரம்புக்கனைப் பக்கத்து முதலாளி ஒருவரின் வீட்டுக்குப் பையனாகப் புல் வெட்டப் போனவர், பாகனாகித் திரும்பினார். பால் வற்றிய கிழட்டு ரப்பர் மரங்களைச் சாய்த்துப் புதுக் கன்று நடும் காலத்தில், அந்த முதலாளியின் யானையைத் தோட்டத்துக்கு வாடகைக்கு எடுப்பார்கள். மெனிக்கே என்று அதற்குப் பெயர். பெண் யானை. சரிவில் கிடக்கும் மரத்தைச் சங்கிலியால் கட்டி ரோட்டுக்கு இழுத்துவர வேண்டும். சங்கிலி கட்டுவது என் மாமா, அம்மாவின் ஒரே தம்பி.

யானைக்கு அப்பா சொல்வது சிங்களப் பாகர்களின் சொற்கள். தஹா என்றால் நட. ஹோ என்றால் நில். சொல் மட்டும் போதாது. கூடவே காதுக்குப் பின்னால் காலாலோ அங்குசத்தாலோ தொட வேண்டும், அல்லது எதிரே நின்று கையைக் காட்ட வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் கட்டளை என்பது அப்பாவின் சட்டம். அதனால் வேலை மெதுவாகத்தான் நடக்கும். மாமாவுக்கு அது பொறுக்காது.

"அத்தான், மரம் வெட்டுறவன் தமிழன், சங்கிலி கட்டுறவன் தமிழன், மேல ஒக்காந்திருக்கிற நீங்களும் தமிழன். யானைக்கு மட்டும் எதுக்குச் சிங்களம்?"

"இது சிங்களமுமில்ல தமிழுமில்ல மாப்ள. யானப் பாஷ. கோயில்ல சாமிகிட்டப் பேசுற மாதிரி இதுகிட்டப் பேச ஏலாது."

"சாமிக்கே தமிழ் வெளங்குது. ஒங்க யானைக்கு வெளங்காதாக்கும்!"

மரம் வெட்டுகிறவர்கள் கோடரியைப் போட்டுவிட்டுச் சிரிப்பார்கள். தினமும் தேத்தண்ணி நேரத்துக் கூத்து இதுதான். ஆனால் ஒருநாள் சிரிப்பு நின்றுபோனது.

"ஒங்களுக்குக் காய்ச்சல் வந்து நீங்க உழுந்துட்டா, நாங்க அம்புட்டுப் பேரும் பாத்துக்கிட்டு நிக்கணுமா அத்தான்? முந்தி நிவித்திகலத் தோட்டத்துல அப்புடித்தான் நின்னோம். பாகன் மயங்கிக் கெடக்குறான், யானை அவனுக்கு மேல நிக்குது, அத நவுத்துற சொல்லு ஒருத்தனுக்கும் தெரியல. அவன் உசுரு போறத நான் கண்ணால பாத்தேன்."

"நானும் பாத்திருக்கேன்டா. ஒரே யானைக்கு ரெண்டு பாகன், ரெண்டு பேச்சு. நடுவுல நின்னவன எடுத்து வச்சப்ப மூஞ்சி தெரியல. இனிமே இதுகிட்ட ஒரு தமிழ்ச் சொல்லு வந்துச்சு, சங்கிலிக்கு நான் வேற ஆளப் பாத்துக்கிறேன்."

மாமா கையெடுத்துக் கும்பிட்டார். "சரி அத்தான். ஒங்க யானை, ஒங்க பாஷ."

பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. விட்டுக்கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தார். எனக்குத்தான் தாங்கவில்லை. என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தவர் அவர். அவர் தோற்றதாக நான் எடுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் மெனிக்கேயை ஓடையில் குளிப்பாட்டி, பலா மரத்தடியில் சங்கிலி போட்டுவிட்டு, என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அப்பா லயத்துக்குப் போவார். அம்மா எனக்குத் தரும் கித்துள் மரத்துக் கருப்பட்டியை நான் மடியில் முடிந்து வைத்திருப்பேன். "போ" என்பேன். அது எதேச்சையாக ஓரடி வைத்தால் ஒரு துண்டு கொடுப்பேன். சில நாட்களிலேயே அதற்குப் பிடிபட்டுவிட்டது. தொடவும் வேண்டாம், கையும் காட்ட வேண்டாம். போ என்றதும் சங்கிலி விறைக்கும்வரை இழுத்துவிட்டுத் தும்பிக்கையை என்னிடம் நீட்டும். முதலில் போ, அடுத்து நில் என்று திட்டம் வைத்திருந்தேன். இரண்டும் படிந்த பிறகு எல்லோர் முன்னாலும் செய்து காட்டி மாமாவை ஜெயிக்க வைக்க வேண்டும். நில் என்ற பாடத்துக்கு நான் வரவே இல்லை.

அன்று பிடித்த மழை விடவில்லை. மற்றவர்கள் ஸ்டோர் பக்கம் ஒதுங்கிவிட்டார்கள். கடைசி மரத்தை முடித்துவிடலாம் என்றார் மாமா. அப்பா யானையை விட்டு இறங்கி மேட்டில் நின்று வழி பார்த்தார். நான் படங்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பாறையோரம் நின்றேன். பாதிச் சரிவில் சங்கிலி ஒரு வேரில் சிக்கிக்கொண்டது. மாமா மரத்துக்கும் அடிக்கட்டைக்கும் நடுவே குனிந்து அதை எடுக்கப் போனார்.

அப்பா கையை உயர்த்திக் கத்தினார். "ஹோ!"

யானை அவருக்கு முதுகைக் காட்டி நின்றது. கையை அது பார்க்கவில்லை. மழையில் ஹோவுக்கும் போவுக்கும் என்ன பெரிய வித்தியாசம்? அது முழு பலத்தோடு இழுத்தது.

மரம் மாமாவை அடிக்கட்டையோடு சேர்த்து நசுக்கியது. மெனிக்கே நின்றது. பிறகு மெல்லத் திரும்பி, நான் நின்ற பாறைப் பக்கம் தும்பிக்கையை நீட்டியது. நுனி திறந்து மூடிக் கருப்பட்டியைக் கேட்டது. நான் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

தோட்டத்து ஆட்களிடமும், தொரையிடமும், பிறகு வந்த பொலிஸிடமும் அப்பா ஒன்றையே சொன்னார். "ஹோ சொல்ல வேண்டிய எடத்துல தஹா சொல்லிட்டேன். வாய் தவறிருச்சு."

லயத்தில் யாரும் அதை நம்பவில்லை. இத்தனை வருஷப் பாகனுக்கு வாய் தவறுமா? அன்றைய சண்டை எல்லோருக்கும் நினைவிருந்தது. அம்மா மாமாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "ஒங்க பாஷ ஜெயிச்சிருச்சா? இப்ப நிம்மதியா?" என்று கேட்டாள். அப்பாவிடம் அவள் நேராகச் சொன்ன கடைசிப் பேச்சு அதுதான். யானையை முதலாளி திருப்பி அழைத்துக்கொண்டார். அப்பா ரப்பர் பால் வெட்டப் போனார். ஒரே அடுப்பு, ஒரே அறை. "ஒங்கப்பாவ சாப்பிட வரச் சொல்லு" என்பாள் அம்மா. "வாறேன்னு சொல்லு" என்பார் அப்பா. நடுவில் நின்று அதை இருவருக்கும் எடுத்துச் சொன்னவன் நான்.

மழைச் சத்தத்தில் அப்பாவுக்கே குழம்பிவிட்டது, தான் தஹா சொன்னதாகவே நினைக்கிறார் என்று நான் நம்பினேன். தப்பித்தேன் என்றுகூட நினைத்தேன். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அம்மா அவரை மன்னித்திருப்பாள். படித்தேன், வாத்தியார் ஆனேன், நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு உண்மை பேசு என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேன். அம்மா சாகும்வரை அந்த ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை.

அம்மா போன பின் அப்பாவும் படுக்கையில் விழுந்தார். நாக்கு இழுத்துவிட்டது, பேச்சு குழறியது. ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து தைரியத்தை வரவழைத்துக்கொண்டேன். "அப்பா, அன்னிக்கு மெனிக்கே எங்கிட்டத் தும்பிக்கைய நீட்டுச்சே..."

அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. மேட்டில் நின்றவருக்கு அந்தத் தும்பிக்கை நன்றாகத் தெரிந்திருக்கிறது. பிஞ்சுக் கையில் அந்தப் பழியை வைக்கக் கூடாதென்று மனைவியின் பேச்சையே விலையாகக் கொடுத்திருக்கிறார். பாறையோரம் நின்ற பையனுக்கு அது எங்கே புரிந்தது?

கையை லேசாகத் தூக்கி ஒரே ஒரு சொல் சொன்னார். அதுவே அவருடைய கடைசிச் சொல். போதும், நிறுத்து என்று சொல்லியிருந்தால் அது ஹோ. என் முகத்தில் முழிக்காதே என்று சொல்லியிருந்தால் அது போ. இரண்டு மொழியும் தெரிந்த நான், அவர் வாயருகே காதை வைத்திருந்தேன். எது என்று எனக்குத் தெரியவில்லை.