சாராயம் இல்லாத ஆவி

தணிகாசலம் வாத்தியார் போய்விட்டார் என்று போனில் சொன்னபோது, "நீ பாத்தியா? யாரு சொன்னது?" என்றுதான் கேட்டேன். பேசியவர் அழுதுவிட்டார். அவரிடம் படித்தவராம். வாத்தியாரைப் பற்றி நாலு வரி எழுதித் தரச் சொன்னார். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். உங்களுக்கெல்லாம் அவர் கல்லூரி வாத்தியார். எனக்கு, வடக்கனந்தலில் என் பின்னறைக்கு வாடகைக்கு வந்த ஆள்.

வந்ததும் சன்னலில் கறுப்புத் துணி அடித்தார். கண்ணாடிக் குழாய், சூடேற்றும் கம்பி எல்லாம் இறங்கின. "உள்ள ஆவி இருக்குது, தொடாதீங்க" என்று வேறு சொன்னார். கல்வராயன் மலையிலிருந்து எங்கள் பக்கம் என்ன இறங்கும் என்று எல்லாருக்கும் தெரியும். சாராயம் என்று பிடித்தால் வீட்டுக்காரனைத்தான் முதலில் ஜீப்பில் ஏற்றுவார்கள். "நல்லவரு மாதிரியே சிரிக்கிறாரு. அதான் பயமா இருக்குது" என்றாள் என் மனைவி.

நேராகவே கேட்டேன். "இன்னா சார் காய்ச்சிக்கினு இருக்கீங்க?"

"மோந்து பாருங்க பெரியவரே" என்று கதவைத் திறந்துவிட்டு விலகி நின்றார். வாசனையே இல்லை. அது இன்னும் சந்தேகமாக இருந்தது.

ஏதோ உலோகத்தின் ஆவியாம், குழாய்க்குள் அடைத்தது. அதற்குள் லேசர் ஒன்றை விட்டார். அந்தப் பக்கம் வெளிச்சம் வந்தால் காட்டுவதற்கென்று வைத்திருந்த சின்ன டிவியில் இருட்டு. ஆவி விழுங்கிவிட்டதாம். கூடவே இன்னொரு லேசரையும் விட்டார். டிவியில் புள்ளியாக வெளிச்சம் வந்தது.

"ரெண்டாவது லேசர் வந்தா, மொத வெளிச்சத்த விழுங்க அணுவுக்கு ரெண்டு வழி ஆயிடுது. ரெண்டும் ஒண்ணையொண்ணு அடிச்சிக்கினு ஒழிஞ்சிடும். விழுங்க முடியாது. மொத வெளிச்சம் அப்படியே தாண்டிடும்."

"தெரியறது அந்த ரெண்டாவதுதான். என்னை ஏமாத்தாதீங்க சார்."

"ரெண்டாவத ஓரமா திருப்பி வுட்டுட்டேன். நம்பாதீங்க. மொதல்ல வுட்டத கையால மறைங்க."

மறைத்தேன். இரண்டாவது எரிந்துகொண்டேதான் இருந்தது, புள்ளி போய்விட்டது. கையை எடுத்தேன், வந்தது. இரண்டாவதை மறைத்தேன், மறுபடியும் போனது. மேசைக்கடியில் வேறு விளக்கு இருக்கிறதா என்று குனிந்தும் பார்த்தேன். "நல்லா சந்தேகப்படுங்க. தெனமும் எனக்கும் இதே சந்தேகந்தான்" என்று சிரித்தார்.

யாரோ போட்டுக்கொடுத்து ஒருநாள் போலீஸ் வந்தது. வாத்தியார் கல்லூரியில் இருந்தார். சூடு ஆறக்கூடாது என்று எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. குழாயைத் தூக்கிப்போய் உடைத்தால் அவர் பாடு அத்தனையும் வீண்.

"யோவ், அந்தாளு யோக்கியன்தானா? நீ சொல்லுவியா?" என்றார் அதிகாரி.

"அது எனக்குத் தெரியாதுங்க. சாராயம் இல்லன்னு தெரியும். கைய வெச்சி நீங்களே மறைச்சிப் பாருங்க."

அவரும் மாற்றி மாற்றி மறைத்தார். "சாராயமா இருந்தா எனக்கு வேலை சுலபம்யா" என்று முனகிக்கொண்டே போனார்.

சாயங்காலம் வாத்தியாரிடம் ஒன்று விடாமல் சொன்னேன், யோக்கியர் என்று சொல்லாததையும் சேர்த்து. "சொல்லியிருந்தா கூட்டாளின்னு ரெண்டு பேரையும் சேர்த்து ஜீப்புல ஏத்தியிருப்பான். நீங்க சொன்னதுதான் சாட்சி" என்றார்.

அணு விழுங்கும் கதையில் எனக்கு இன்னும் பாதி நம்பிக்கை இல்லை. ஆனால் ஆளைப் பார்க்க ஒரு வழி அவரிடமிருந்து கிடைத்தது. சந்தேகம் கேட்டால் முறைக்கிறாரா, கதவைத் திறந்துவிட்டு விலகி நிற்கிறாரா? அவர் காலி செய்துபோன பிறகு வாடகைக்கு எத்தனையோ பேர் வந்து கேட்டுவிட்டார்கள். ஒருத்தரும் விலகி நிற்கிறவராகத் தெரியவில்லை. அறை பூட்டியே கிடக்கிறது.